பதில்: அம்மாவுக்கு மார்புல கட்டி, நியூக்ளியர் ஸ்கேனுக்குக் காத்திருக்கலாமா?

தம்பி, கட்டி கையில தட்டுப்படுது, மேமோகிராம்ல, அதாவது மார்பு எக்ஸ்ரேல, அடர்த்தி டி-ன்னு (ரொம்ப அடர்த்தியான மார்புன்னு அர்த்தம்) போட்டு ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க, அமெரிக்கா மாமா சொன்ன நியூக்ளியர் ஸ்கேனை சம்பா அறுப்பு முடிஞ்சு எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. அடர்த்தியான மார்புல எக்ஸ்ரே படத்துல திசுவும் வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளையாத் தெரியும், மார்கழிப் பனியில கொக்கைத் தேடற கதைதான், அதனால மேமோகிராம்ல ஒண்ணும் இல்லன்னு நிம்மதியா இருந்துட முடியாது. அந்த ஸ்கேன் நல்லதுதான், கை நரம்புல டெக்னீசியம் 99எம் செஸ்டமிபிங்கற லேசான கதிர்வீச்சு மருந்தை ஊசி போட்டு, மார்புக்குன்னே செஞ்ச காமா கேமராவுல லேசா அமுக்கி, ஒரு படத்துக்கு 10 நிமிஷம் வீதம் ரெண்டு பக்கமும் சேத்து 4 படம் எடுப்பாங்க, கேன்சர் செல்லு அந்த மருந்தை அதிகமா இழுத்துக்கறதால தனியாத் தெரியும், கதிர்வீச்சும் 6 மணி நேரத்துக்கு ஒருதரம் பாதி பாதியா குறைஞ்சிடும். ஆனா அதுல பளிச்சுனு தெரிஞ்சாலும் உறுதி பண்றது பயாப்சிதான் (கட்டியில இருந்து துளி சதை எடுத்து சோதிக்கறது), தெரியலன்னாலும் கையில தட்டுப்படற கட்டிய அப்படியே விட மாட்டாங்க! அதனால மொதல்ல மார்பு அல்ட்ராசவுண்டு, கையோட ஊசி பயாப்சி. ஊசி குத்தினா பரவிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துவாங்க, அதைக் கேட்டு நின்னுடாதீங்க. இந்த வாரமே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் சர்ஜரி ஓபிக்குக் காலைலயே போயிடுங்க, ரிப்போர்ட் மட்டும் பத்தாது, மேமோகிராம் ஃபிலிமையும் எடுத்துட்டுப் போங்க. எல்லாக் கட்டியும் கேன்சர் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போங்க தம்பி, பயாப்சி ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுங்க.