பழைய கெப் வாகனத்தில் கூலன்ட் எங்கே போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உப்புவெளி): என்னுடைய பழைய ஹைலக்ஸ் டீசல் கெப்பிற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ரேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தச் சாமானையும் வாங்க வேண்டாம்.

எஞ்சின் சூடேறி அமுக்கம் ஏறும்போதுதான் சிறிய வெடிப்புகள் வாய் திறக்கும். கசியும் தண்ணீர் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும். அதனால்தான் தரை காய்ந்திருக்கிறது. ஆனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் சேர்க்கும் திரவம்) கலந்த தண்ணீர் தடம் விட்டுத்தான் போகும். காலையில், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பொனற்றைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் கிளிப் ஓரங்கள், ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, வோட்டர் பம்மின் அடியில் இருக்கும் சின்னத் துளை: இவற்றில் எங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருக்கிறதோ, அங்கேதான் கசிவு. பம்மில் அந்தத் துளையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அதன் வழியாக வெளியேறிச் செய்தி சொல்லும். யாராவது அதைப் பசை வைத்து அடைக்க வந்தால் விடாதீர்கள். தண்ணீர் பெயரிங்கிற்குள் போய் பம் இறுகிவிடும்.

கண்ணுக்கு அகப்படவில்லையென்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேற்றர் மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பூட்டி, மூடியில் பொறித்த அளவுக்கு மட்டும் காற்றடிக்க வேண்டும். 0.9 என்றிருந்தால் அது ஏறத்தாழ 13 பிஎஸ்ஐ. கால் மணித்தியாலத்தில் முள் இறங்கினால் எங்கோ போகிறது. எஞ்சின் குளிர்ந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, வெளியே கசியும் இடம் நனைந்து காட்டிக்கொடுக்கும். மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் மூடியை மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம்.

அப்புறம், கடலோரத்தில் ஓடும் வாகனம் என்பதால் ரேடியேற்றரின் கீழ் மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் அரிப்பது அங்கேதான். தகடு விரல் பட்டே உதிர்ந்தால், சரி, மாற்றிவிடுங்கள்.

கேள்வி (கிண்ணியா): முன் இருக்கையில் கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது. ஏசி தண்ணீரா, கூலன்டா?

பதில்: விரலால் தொட்டு மணந்து பாருங்கள், நாக்கில் வைக்க வேண்டாம். ஏசி தண்ணீருக்கு நிறமோ மணமோ இராது. கூலன்ட் வழவழக்கும், இனிப்பாக மணக்கும், முன் கண்ணாடியின் உள்ளே பிசுக்குப் படியும். அப்படியானால் ஹீற்றர் கோர், அதாவது உள்ளே சூடு தருவதற்கான சின்ன ரேடியேற்றர், ஓட்டை. திருகோணமலை வெயிலில் ஹீற்றர் யாருக்கு வேண்டும்? அதற்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றாக இணைத்துவிடலாம்.

கேள்வி (கந்தளாய்): காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகுகிறது. ரேடியேற்றரில் குமிழி விடாமல் வருகிறது. வெளியே ஒழுக்கு இல்லை. ஹபரணை வரை ஓடலாமா?

பதில்: ஓடவே வேண்டாம். தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே ஹோஸ் இறுகினால், எரிந்த காற்று சிலிண்டரிலிருந்து தண்ணீருக்குள் புகுகிறது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளொக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கவும் கூடும். ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்வதையே நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றினால், புதுக் கேஸ்கட் போடுவதற்கு முன் வெடிப்பும் வளைவும் இருக்கிறதா என்று லேத்தில் சோதித்தே ஆக வேண்டும். ஹைலக்ஸின் பழைய 2எல் டீசல் எஞ்சின்கள் அதிகம் சூடேறினால் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனவை. சோதிக்காமல் பூட்டினால் காசும் போகும், அதே கோளாறும் திரும்பி வரும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

கேள்வி (மூதூர்): கிணற்றுத் தண்ணீர் விடலாமா? ஒழுக்கை அடைக்கும் தூள் போடலாமா?

பதில்: வழியில் நின்றுவிட்டால் எந்த நல்ல தண்ணீரும் சரி. வழக்கமாக விட்டால், கரையோரக் கிணற்றின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து அரிக்கும். வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். தூள் வீடு வந்து சேர மட்டும்தான். ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும்.

கேள்வி (நிலாவெளி): வடித்தெடுத்த பழைய கூலன்டை முற்றத்தில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள எதிலீன் கிளைகோல் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கலனில் பிடித்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் இதையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். கீழே சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சி அள்ளிவிடுங்கள்.