டச்சு நகரப் பென்சில் படங்கள்: கேள்வி பதில்

கே: ஹோர்ன் நகரத்தின் எடைமாளிகையை (சரக்குகளை நிறுக்கும் கட்டடம்) காட்டும் பழைய பென்சில் படம் வாங்கினேன். 19ஆம் நூற்றாண்டு டச்சு நகரக்காட்சி ஓவியர் கொர்னேலிஸ் ஸ்பிரிங்கர் வரைந்தது என்றார்கள். நம்பலாமா?

ப: முதலில் சதுக்கத்தில் சிலை இருக்கிறதா பாருங்கள். மாளிகை 1609இல் கட்டியது. அது நிற்கும் ரோடெ ஸ்டேன் சதுக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர் யான் பீட்டர்சோன் கூனின் சிலை வந்தது 1893இல். ஸ்பிரிங்கர் 1891இலேயே காலமானார். சிலை இருந்தால் அவர் வரைந்ததல்ல. இல்லாவிட்டால் அதுவே சான்றாகிவிடாது; வேண்டாததை விட்டு வரைவது ஓவியர்களுக்கு வழக்கம்.

அடுத்து 10 மடங்கு லென்ஸ். பென்சிலின் கிராஃபைட், தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டியிருக்கும். விளக்கைச் சாய்த்தால் ஈயம்போல் மினுங்கும். கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப்) மை மினுங்காது. புள்ளி வரிசை தெரிந்தால் அது புகைப்பட அச்சு. ரப்பரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

கே: ஓரத்தில் 'ரோட்', 'கிரைஸ்' என்று கிறுக்கல். அழிக்கலாமா?

ப: கூடவே கூடாது! டச்சில் ரோட் சிவப்பு, கிரைஸ் சாம்பல். தெருவில் பென்சிலால் வரைந்து, பிறகு ஓவியக்கூடத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதற்கான குறிப்பு அது. மேலே சதுரக் கட்டங்களும் இருந்தால் படத்தைப் பெரிதாக்கிக் கித்தானுக்கு மாற்றத் திட்டமிட்டார்கள் என்று பொருள். ரப்பர் தேய்த்தால் இந்தத் தடயமெல்லாம் போய்விடும்.

கே: என் படம் எந்த ஊர் என்றே தெரியவில்லை.

ப: படத்திலுள்ள கட்டட முகப்பில் நகரச் சின்னம் தேடுங்கள். மூன்று ஹெர்ரிங் மீன் எங்க்ஹவுசன். குறுக்கிட்ட இரு சாவி லைடன். மூன்று பெருக்கல் குறி ஆம்ஸ்டர்டாம்.

கே: என்ன விலை போகும்?

ப: ஏலக்காரரைக் கேளுங்கள்.

கே: இவ்வளவு துல்லியம் வெறுங்கையால் வராது. கேமரா லூசிடாதான். கூரைக் கோடுகள் சுவரைத் தாண்டி நீள்வதையும் பார்த்தேன்.

ப: நீங்கள் பார்த்ததே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. கேமரா லூசிடா என்பது ஆங்கில அறிவியலாளர் வொலாஸ்டன் 1806இல் காப்புரிமை பெற்ற வரைகருவி. கண்ணில் விழும் உருவத்தைத் தாளில் அப்படியே பின்தொடர வைக்கும். அதற்கு நீளும் கோடு தேவையில்லை. தொலைவில் ஒரே புள்ளியில் சேரும்படி ஸ்கேல் வைத்துப் போட்டவருக்குத்தான் கோடு நீளும்.

கே: (அவரே) கருவியால் மூலைகளைக் குறித்துவிட்டுப் பிறகு ஸ்கேல் வைத்திருக்கலாமே?

ப: நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மூலைகளில் சிறு புள்ளிகள் இருக்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடுங்கள். அதே இடத்தில் நின்று எடுத்த புகைப்படத்தோடு சன்னல் அகலத்தையும் கோபுர உயரத்தையும் ஒப்பிடுங்கள். கண்ணளவில் வரைபவர் பெரும்பாலும் கோபுரத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடுவார். விகிதம் எல்லா இடத்திலும் பொருந்தினால் உங்கள் பக்கமே நியாயம்.

கே: எப்படிச் சட்டமிடுவது?

ப: அமிலமற்ற அட்டை, மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாளால் இரண்டு கீல், கோதுமை மாவுச்சத்து (ஸ்டார்ச்) பசை. கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெளிச்சம் 50 லக்ஸ் போதும். செலோடேப் ஆகவே ஆகாது. பசை ஊறிப் பழுப்புக் கறை விடும்.

கே: லேசான அழுக்குக்கு மட்டும் ரப்பர்?

ப: மூன்றாம் முறை சொல்கிறேன்: வேண்டாம். தாளின் நார் கிளம்பும், கிராஃபைட் கோடு மங்கும், தேய்த்த இடம் வெளுத்துத் திட்டாகும். அந்தக் காலத்தில் பயன்படுத்திய ரொட்டித் துண்டும் வேண்டாம். தங்கிப்போகும் துணுக்குக்குப் பூச்சியும் பூசணமும் வரும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். மீதியைத் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள்.