ஏற்காடு டிரிப்பும் பார்பிக்யூவும்: டிரைவரைக் கேட்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கிறோம். அடுத்த மாதம் கோவையிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது. பதினோரு பேர் வேன் பிடித்து ஏற்காடு போய்விட்டு, ராத்திரி நல்ல பார்பிக்யூ சாப்பிடலாம் என்று திட்டம். நாலரை ஸ்டார் பார்த்துப் போன இரண்டு கடையிலும் ஏமாந்துவிட்டோம். வேன் டிரைவர் "மேலேயே தெரிஞ்ச இடம் இருக்கு சார்" என்கிறார். ஒரு ரிசார்ட்டில் கேம்ப் ஃபயரோடு பார்பிக்யூ, தலைக்கு 650 ரூபாய் என்கிறார்கள். அம்மாவுக்கு 72 வயது, சுகர் உண்டு. மூன்று வயதுப் பேத்தியும் வருகிறாள். எந்தக் கடையை நம்பிப் போகலாம்?

பதில்: கடைப் பெயர் கேட்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். ஹோட்டல் கிச்சன்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது கடைக்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவன் நான். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் கடை என்பது போர்டு அல்ல, மாஸ்டர்தான். கரி அடுப்பு முன்னால் நிற்கும் மாஸ்டர் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். போர்டு அதே போர்டு, ஸ்டார் அதே ஸ்டார், கோழி மட்டும் வேறு கோழி. நீங்கள் இரண்டு தடவை ஏமாந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இன்றைக்கு நான் சொல்லும் பெயர் அடுத்த மாதம் செல்லாது.

ஆனால் உங்கள் திட்டத்துக்குப் பதில் இருக்கிறது. மதியம் மேலே சாதாரணச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள். நாலரை, ஐந்துக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டி, கோரிமேடு வழியாக அஸ்தம்பட்டிக்கு ஆறரைக்குள் வந்துவிடலாம். பார்பிக்யூவைச் சேலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நீங்கள் முன்கூட்டியே போய்ப் பார்த்துவைத்த கடையில். உள்ளூர்க்காரர் நீங்கள், வெளியூர்க்காரன் மாதிரி ஸ்டார் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதே இல்லை.

மேலே ஏன் வேண்டாம்? ஏற்காட்டில் விற்கும் கறிக்கோழியில் பெரும்பகுதி கீழேயிருந்து ஏறி வருவது. முப்பது கிலோமீட்டர் தூரம் பெரிதல்ல. ஐஸ் பெட்டியில் வருகிறதா, பைக்கில் கட்டிய சாக்கில் வருகிறதா என்பதுதான் விஷயம். சனி, ஞாயிறு கூட்டத்தில் வந்த சரக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும். வார நடுவில் தீராது. மிஞ்சியதை மசாலா தடவி அப்படியே வைத்திருப்பார்கள். கேட்டால் "மலைக் குளிர் சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில் வரும். மலைக் குளிர் ஃப்ரிட்ஜ் இல்லை. கிருமி பெருகாமல் இருக்க ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் அறுபதுக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். ஏற்காட்டுச் சாயங்காலம் நமக்கு ஸ்வெட்டர் கேட்கும், கோழியில் இருக்கும் கிருமிக்கு அது சுகமான காலநிலைதான். ஊறப்போட்ட தயிரும் எலுமிச்சையும் காப்பாற்றிவிடும் என்பதும் கதை.

கேம்ப் ஃபயர் பேக்கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பலதும் மதியமே மசாலா தடவி வெளியே வைத்த கோழி, இருட்டில் சுடுவது, சுடுகிறவர் பகலில் ரூம் பெருக்கும் பையன். இருட்டில் வெந்ததா, கருகியதா என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இதைவிடப் பெரிய பயம் வேறு. குளிருக்கு இதமாக இருக்கும் என்று அந்தக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ இழுத்து வைக்கிறார்கள். தணிந்த தணலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். 2024-இல் கொடைக்கானலில் விடுதி அறையில் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். என்றைக்காவது மேலே தங்க நேர்ந்தால் கரி அடுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

அப்புறம் உங்கள் டிரைவர். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் டூரிஸ்ட் ஊர்களில் "தெரிஞ்ச இடம்" என்றால் டிரைவருக்கு இலவசச் சாப்பாடும், பில்லில் ஒரு பங்கும் கொடுக்கும் இடம். அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது? உங்கள் தட்டிலிருந்துதான். ஒரு பீஸ் சின்னதாகும், கோழி ஒரு நாள் பழசாகும். அடிவாரத்திலும் ஏரிப் பக்கத்திலும் "ரூம் வேணுமா, சாப்பாடு வேணுமா" என்று வண்டியை மறிக்கிறவர்களும் இதே வகைதான். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

இவர்களைவிட மோசமானவர்கள் ஃபோனுக்குள் இருக்கிறார்கள். ஒரு கையில் லெக் பீஸ், இன்னொரு கையில் ஃபோன், முதல் கடி கடிக்கும் முன்பே கண்ணை மூடி "வேற லெவல்" என்பவர்கள். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறேன் என்று அவர்களில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஸ்டாரும் விலைக்குக் கிடைக்கிறது. அதனால் சராசரியைப் பார்க்காதீர்கள். புதிய கருத்துகள் முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மாதம் எழுதியதை மட்டும் படியுங்கள். "முன்ன மாதிரி இல்ல" என்று மூன்று நான்கு பேர் எழுதியிருந்தால் மாஸ்டர் போய்விட்டார் என்று அர்த்தம்.

டெலிவரி ஆப்பில் இன்னொரு தந்திரம். ஐந்து வெவ்வேறு பெயரில் பார்பிக்யூ கடை காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசி வரை இறங்கிப் போனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும், அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண், 14 இலக்கம். இரண்டு கடைக்கு ஒரே எண் என்றால் இரண்டும் ஒரே கிச்சன். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சின்னக் கடைக்கான பதிவு. அடுத்து வரும் 24 தமிழ்நாடு. அதற்கடுத்த இரண்டு இலக்கம் எண் கொடுத்த வருடம். பத்து வருட அனுபவம் என்று போர்டு போட்ட கடையின் எண்ணில் போன வருடம் இருந்தால் மேலே யோசியுங்கள்.

சரி, நேரில் எப்படிப் பார்ப்பது? பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நடை போங்கள். ஐந்து ரோடு, சாரதா காலேஜ் ரோடு, புதிய பஸ் ஸ்டாண்டு சுற்றுவட்டாரம், எல்லாம் உங்களுக்குப் பக்கம்தான். டேபிளில் உட்காராதீர்கள், அடுப்புப் பக்கம் நில்லுங்கள். கரி நன்றாகப் பிடித்து மேலே வெள்ளைச் சாம்பல் பூத்திருக்க வேண்டும். கறுப்புக் கரி பாதி, தீ நாக்கு பாதி என்று எரிந்துகொண்டிருக்கும்போதே கம்பியை ஏற்றுகிற மாஸ்டர் வெளியே கருக்கி உள்ளே பச்சையாகக் கொடுப்பார். பச்சைக் கோழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, எடுத்த கையோடு அடுப்புக்குப் போனால் நல்லது. அடுப்புக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் டப்பில் மூடாமல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நான் கடைசியாகப் பார்ப்பது பிரஷ்ஷைத்தான். யாரும் பார்க்காத சாமான் அது. எண்ணெயோ வெண்ணெயோ தொட்டுக் கோழி மேல் பூசுவார்களே, அந்த பிரஷ். பச்சைக் கோழி மேல் பூசிய அதே பிரஷ்ஷை அதே கிண்ணத்தில் தோய்த்து, வெந்து இறங்கப்போகும் கோழிக்கும் கடைசிப் பூச்சு கொடுப்பார்கள். அரை மணி நேரம் சுட்டுக் கொன்ற கிருமியை ஒரே இழுப்பில் திரும்பப் பூசியாயிற்று. இரண்டு கிண்ணம், இரண்டு பிரஷ் வைத்திருக்கும் கடை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். அந்த மாஸ்டருக்கு யாரோ ஒழுங்காகத் தொழில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கையுறையைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். கோழியைத் தொட்டு, கல்லாவில் காசு வாங்கி, மறுபடி குபூஸை, அதாவது கோழியோடு கொடுக்கும் அரபு ரொட்டியைத் தொடும் கையுறை வெறுங்கையைவிடக் கேடு. வெறுங்கையாக இருந்தால் கழுவவாவது தோன்றும்.

ஒரு லெக் பீஸ் ஆர்டர் கொடுத்து மணியைப் பாருங்கள். கரியில் பச்சையிலிருந்து சுட்டால் அரை மணி நேரம் ஆகும். முழு அல்ஃபாம், அதாவது அரபு முறையில் கரியில் சுடும் முழுக் கோழி என்றால் நாற்பது நிமிடம்கூட ஆகலாம். ஐந்து நிமிடத்தில் தட்டு வந்தால் மதியமே அரைவேக்காடாக எடுத்து வைத்ததைச் சூடு காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சப்ளையர் வேகமானவர் என்று சந்தோஷப்படாதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றும் கிரில் கோழி வேறு ரகம். அது கேஸிலோ கரண்டிலோ வேகிறது, கரி வாசனை வராது. தொடர்ந்து சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் வரை அதில் எனக்குப் புகார் இல்லை. மெஷினை அணைத்துவிட்டு உள்ளே தொங்கவிட்டிருப்பதை வாங்காதீர்கள்.

நிறம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழிக்குச் செயற்கை நிறம் போட அனுமதியே இல்லை. காஷ்மீர் மிளகாய் போட்ட கோழி சுட்டபின் பழுப்பு கலந்த சிவப்பாக இருக்கும். கல்யாணப் பட்டு மாதிரி ஜொலித்தால் அது மிளகாய் வேலை அல்ல. மயோனைஸ் உங்கள் டேபிளுக்கு வரவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது, காரணம் இல்லாமல் அல்ல. "எங்களது முட்டை இல்லாதது" என்று சப்ளையர் சொல்வதை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்? புதினா சட்னியும் வெங்காயமும் போதும்.

இப்போது நாள் பார்க்கும் விஷயம். நல்ல நேரம், ராகு காலம் அல்ல, சரக்கு ஓட்டம். ஓட்டம் இருக்கும் கடையில்தான் புதுக் கோழி இருக்கும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாட்களில் நம் ஊரில் பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சேலமே அடங்கிவிடும். புரட்டாசி வந்தால் ஒரு மாதம் கடைகள் ஈயோட்டும். அந்த நாட்களில் விலை குறைத்து "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று போர்டு வைப்பார்கள். இலவசமாக வருவது நேற்றைய கோழி. ஆனால் புரட்டாசியில் எல்லாக் கடையையும் ஒதுக்கிவிடக் கூடாது, இதில் ஒரு விலக்கு உண்டு. கோட்டைப் பகுதி மாதிரி முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் உள்ள இடங்களில், அந்த மக்களையே வாடிக்கையாளராக நம்பி நடக்கும் கடைகளுக்குப் புரட்டாசி, அமாவாசை எல்லாம் கணக்கே இல்லை. ஓட்டம் குறையாது. சொல்லப்போனால் கோழி விலை இறங்கும் மாதத்தில் அவர்கள் இன்னும் நல்ல சரக்காகப் பார்த்து எடுக்கிறார்கள். அதே ஏரியாவில் புதிதாக, மற்றவர்களையும் இழுக்கலாம் என்று பளபளவெனத் திறந்த கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கூட்டம் பாதியாகத்தான் இருக்கும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் இதுவே தலைகீழ். பகலில் அடுப்பே எரியாது, நோன்பு திறந்தபின் போனால் எல்லாம் அன்றைக்கு வந்த சரக்கு. ஆகவே மாதத்தைப் பார்க்காதீர்கள், அந்தக் கடைக்கு அந்த மாதத்தில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்க அதிகாரிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பக்கத்து நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்தபோது மாநிலம் முழுக்க ரெய்டு நடந்தது. கிலோ கிலோவாகக் கோழியைக் கொட்டி அழித்துப் படம் எடுத்தார்கள். அப்புறம்? பழைய கதைதான். சுகாதார மதிப்பீடு என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதைக் கடைக்காரரே விரும்பிக் கேட்டு, காசு கட்டி வாங்க வேண்டும். மோசமான கடைக்காரர் ஏன் கேட்கப் போகிறார்? சின்னக் கடை பதிவுக்கு அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய், ஆன்லைனிலேயே முடியும். அதற்கும் ஒரு புரோக்கர் நடுவில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறார். காகிதத்துக்கு அவ்வளவு செலவழித்தவர் ஃப்ரிட்ஜில் மிச்சம் பிடிக்கிறார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2006-இல். இன்றைக்கும் அடுப்பை நீங்கள்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கும் பேத்திக்கும் மட்டும் தனியாகக் கவனம் வேண்டும். கிருமி நமக்கு ஒரு நாள் வயிற்று வலி, அவர்களுக்கு ஆஸ்பத்திரி. அவர்கள் பீஸை எலும்பு வரை கீறிப் பாருங்கள். சதை கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்து இன்னொரு தடவை சுடச் சொல்லுங்கள். அம்மா இன்சுலின் போடுகிறவர் என்றால், கிளம்பும்போதே ஊசி போட்டுவிட்டு நாற்பது நிமிடம் காத்திருக்க வைக்காதீர்கள். மலைச் சாலையில் டிராஃபிக் வேறு மாட்டும், பையில் பிஸ்கட் இருக்கட்டும். பதினோரு பேர் என்று காலையிலேயே கடைக்கு ஃபோன் செய்து, ஏழு மணிக்குக் கோழி அடுப்பில் ஏறினால் போதும் என்று சொல்லிவையுங்கள். மிஞ்சியதை மச்சான் கோவைக்குப் பார்சல் கட்டிக்கொண்டு போக வேண்டாம். மறுநாள் யாருக்காவது காய்ச்சலோடு வாந்தி, பேதி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். கடை பில்லை ஒரு வாரமாவது கிழிக்காமல் வையுங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது எந்தக் கடை, எந்தத் தேதி என்பதற்கு அதுதான் ஆதாரம்.