அனெக்ஸில் எலக்ட்ரிக் கிட்டார் பழக 10 வாட்ஸ் அம்ப் (அம்ப்ளிஃபையர்) காணுமா?

காணும் தம்பி. கொழும்பு வெள்ளவத்தையில் அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த வாடகைப் பகுதி), மேல்மாடியில் வீட்டுக்காரர், இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க "10 காணாது, 40 எடுங்கோ" என்று கடையில் சொன்னால், அது அவர்களுக்கு விற்க வேண்டிய அம்ப்.

கணக்கு இதுதான். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல். 10ஐ 40 ஆக்கினால் 6. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 10 வாட்ஸையே நீங்கள் அந்த அனெக்ஸில் பாதிக்கு மேல் திருப்பமாட்டீர்கள். திருப்பினால் வேறு அனெக்ஸ் தேட வேண்டிவரும்.

காசைப் போட வேண்டியது ஸ்பீக்கரில். ஃபெண்டர் ஃபிரண்ட்மேன் 10ஜியில் இருப்பது 6 அங்குலம், மார்ஷல் எம்ஜி10இல் ஆறரை. இரண்டிலும் தடித்த ஆறாம் நரம்பு அட்டைப்பெட்டியில் தட்டியது போலத்தான் கேட்கும். ஒரேஞ்ச் கிரஷ் 20, ஃபெண்டர் சாம்பியன் 20 இரண்டிலும் 8 அங்குலம். அந்த இரண்டு அங்குலத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இன்னும் காசு இருந்தால் பொஸ் கட்டானா 50 (நீர்கொழும்புப் பக்கத்துக் கட்டானை இல்லை): ஸ்பீக்கர் 12 அங்குலம், அரை வாட்ஸுக்குக் குறைக்க ஒரு சுவிட்சும் உண்டு. வால்வ் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) இல்லாதது அம்பே இல்லை என்று சிலர் கீழே கருத்துகளில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பழகுகிற பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்கு வால்வ் அம்ப் எதற்கு?

வீட்டு சப்வூஃபர் செட்டில் குத்திப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கிட்டார் பிக்கப் (நரம்பின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) எதிர்பார்ப்பது 1 மெகா ஓம் அளவிலான உள்ளீடு. செட்டின் லைன் உள்ளீடு சில பத்து கிலோ ஓம்தான். கூர்மையெல்லாம் செத்து மொத்தையாகக் கேட்கும். டிஸ்டோர்ஷன் (ரொக் பாட்டில் கேட்கிற முரட்டுச் சத்தம்) போட்டால் கதை தலைகீழ். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே தணிந்துவிடும், செட்டின் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) தணியாது. குளவிக்கூட்டைக் கலைத்த சத்தம் வரும்.

கடைக்கு உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் கொண்டு போங்கள். விற்பவர் தானே வாங்கி, கெயினை (சத்தத்தை முரடாக்கும் குமிழ்) முழுக்கத் திருப்பி, வேகமாக நாலு லிக் (சிறு இசைத்துண்டு) வாசித்துக் காட்டுவார். அதில் எந்த அம்பும் நல்ல அம்ப்தான். கிட்டார் வொலியூம் முழுக்க, அம்ப் கெயின் கால்வாசி, மாஸ்டரை (மொத்தச் சத்தத்துக்கான குமிழ்) அம்புக்கு மேலாகக் கதைக்கக்கூடிய அளவில் வையுங்கள். வீட்டில் வாசிக்கப் போவது அந்தச் சத்தத்தில்தான். ஆறாம் நரம்பைத் தட்டி, சத்தம் முழுதாகத் தேயும்வரை விடுங்கள். கடைசியில் அந்தச் சத்தம் சரசரத்து அறுந்தால் விடுங்கள் அந்த அம்பை. மாஸ்டரை 1இல் இருந்து 2க்கு மெதுவாகத் திருப்புங்கள். மலிவான பலதில் 1இல் ஒன்றுமே இல்லை, 2இல் வீடு அதிரும். அனெக்ஸுக்கு அது உதவாது. பிறகு ஹெட்போன், அதுவும் டிஸ்டோர்ஷனோடு. ஸ்பீக்கரில் இனித்தது காதைக் கீறினால் அந்த ஹெட்போன் துளை பேருக்குத்தான்.

சில கிட்டார் மாஸ்டர்மார் ஒரு கடையின் பெயரை மட்டும் சொல்லிப் பெற்றோரை அனுப்புவது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. எல்லாரையும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை கோர்ட் (சுரக்கூட்டு) மாற்றப் பழகமுதல் மூன்று எஃபெக்ட் பெடல் வாங்கவைத்தால் கோபம் வருமா வராதா?

பழைய ஜப்பான் அம்ப் மலிவாகக் கிடைத்தால் முதலில் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நமது 230இல் குத்திய நிமிடமே பியூஸ் போகும், உங்கள் கெட்ட காலத்துக்கு ட்ரான்ஸ்போர்மரும் போகும். 230இல் இருந்து 100க்கு இறக்குகிற தனி ட்ரான்ஸ்போர்மர் ஒன்றை வாங்குங்கள். 110க்கு இறக்குவது பத்து வீதம் கூட, அம்ப் சூடாகும். அம்பின் லேபிளில் 25 வாட்ஸ் என்றால் 50 விஏ (ட்ரான்ஸ்போர்மர் தாங்கும் அளவு) எடுங்கள். அந்த விலையையும் கூட்டிப் பார்த்தால் 'மலிவு' பெரும்பாலும் மறைந்துவிடும்.

இனி பிளக். 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் துளையில் பேனையைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூன்று பின்னோடு வந்த அம்புக்கு அதைச் செய்யாதீர்கள், எர்த் பின்னை வெட்டவும் வேண்டாம். கிட்டார் நரம்புகள் கேபிளின் வெளிச்சுற்று வழியாக அம்பின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. உள்ளே ஒரு வயர் கழன்று சட்டத்தில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் அந்தக் கரண்ட் போகிற வழி உங்கள் விரல்தான். மலிவு அடப்டர்கள் சிலதில் எர்த் துளை வெறும் துளை, உள்ளே தகடு இல்லை.

இரைச்சல் வந்தால் அம்பைக் குறை சொல்லமுதல் கிட்டார் வொலியூமைப் பூச்சியமாக்குங்கள். இரைச்சல் நின்றால் அது பிக்கப் பிடிப்பது. நின்ற இடத்திலேயே கிட்டாரோடு கால்வட்டம் திரும்புங்கள். குறைந்தால் ஸ்ட்ராட்டின் சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் தன் வேலையைச் செய்கிறது. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரையும் ஒருதரம் நிற்பாட்டிப் பாருங்கள், பாதி வீடுகளில் கள்ளன் அங்கேதான். பூச்சியத்திலும் இரைந்தால் கேபிளை மாற்றுங்கள், பிறகு எர்த்தைப் பாருங்கள்.

கடல் காற்றில் நாளடைவில் அம்பின் குமிழ்கள் கரகரக்கத் தொடங்கும். பிளக்கைக் கழற்றி, குமிழின் உள்ளே கொண்டக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருபது தரம் திருப்பி, காய்ந்தபிறகு போடுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.