அக்கா அனுப்பும் ஸ்கூட்டர் மல்லாவி ஒழுங்கையில் ஓடுமா?

கேள்வி: எனக்கு 46 வயது, முல்லைத்தீவு மாவட்டத்தில் மல்லாவிப் பக்கம். ருமட்டாயிட் மூட்டுவாதம் வந்து பத்து வருஷத்துக்கு மேல். வீட்டுக்குள் நடப்பேன், சமைப்பேன். கடைக்கும் கோயிலுக்கும் நடந்துபோய் வந்தால் அடுத்த நாள் எழும்ப ஏலாது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா நடக்கக் கஷ்டப்படுகிறவர்கள் இருந்து ஓட்டுகிற, 23 கிலோ எடையுள்ள, மடிக்கிற மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறா. வாங்கலாமா? அதில் ஏறி இருக்கப் பழகினால் கால் விளங்காமல் போய்விடும் என்று மாமி சொல்கிறா, உண்மையா?

பதில்: முதலில் மாமி சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பேர் வீட்டுக்குள் கிடக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் நீங்கள் இப்போது நடக்கிற நடையை விடாமல், தூரத்துக்கு மட்டும் ஸ்கூட்டரைப் பயன்படுத்தினால் கால் விளங்காமல் போகாது. கடைவரை நடந்துவிட்டு அடுத்த நாள் முழுக்கப் பாயில் கிடக்கிறீர்களே, அப்படிக் கிடப்பதால்தான் தசை கரையும். இருக்கிற தெம்பைக் காலையிலேயே வீதியில் கொட்டிவிடாமல் நாள் முழுதுக்கும் பங்குபோட ஒரு கருவி தேவைப்பட்டால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கிளினிக்கில் பார்க்க வேண்டும். ஒன்று, இந்தக் களைப்பு அண்மையில் கூடியதா? அப்படியென்றால் நோய் அடங்காமல் இருக்கலாம், இரத்தச்சோகை இருக்கலாம், தைரொயிட் குறைந்திருக்கலாம், இவை மருந்தால் மாறக்கூடியவை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் மருந்தை எடுப்பவராக இருந்தால் இரத்த எண்ணிக்கையும் ஈரல் சோதனையும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். மற்றது கழுத்து. நெடுநாள் ருமட்டாயிட் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளைத் தளர்த்திவிடும். பிடரி வலி, குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பதுபோல் ஓடுவது, கை விறைப்பு, கைகால் பலம் குறைவது, இதில் ஏதாவது இருந்தால் கழுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை குலுங்குகிற எந்த வாகனத்திலும் ஏறாதீர்கள்.

சரி, இனி ஸ்கூட்டர். அந்த 23 கிலோ வகை எதற்காகச் செய்தது? கடைத்தொகுதியின் வழுவழுப்பான தரைக்கும், ரொறன்ரோவில் இருப்பதுபோன்ற நடைபாதைக்கும், காரின் பின்பெட்டியில் போட்டு எடுத்துப்போவதற்கும். சக்கரம் ஏழு எட்டு அங்குலம், காற்றில்லாத கட்டி ரப்பர் ரயர், அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் இடைவெளி பெரும்பாலும் 5 சென்ரிமீற்றரைச் சுற்றித்தான். நம்முடைய ஒழுங்கைகளில் ஒரு மழைக்குப் பிறகு கிரவல் அரித்துக் கல் துருத்திக்கொண்டு நிற்கும், லான்ட் மாஸ்ரர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) போன தடம் காய்ந்து வாய்க்கால்போல் கிடக்கும். அந்த மேட்டில் அடிப்பாகம் குந்திக்கொண்டால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், நீங்களோ இறங்கித் தள்ளக்கூடிய ஆள் இல்லை. பின்பக்கம் கவிழாமல் இருக்கப் பூட்டியிருக்கும் குட்டிச் சக்கரங்களும் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தடக்கும். முள் குத்தாது என்பது கட்டி ரயரின் நன்மைதான், ஆனால் ஒவ்வொரு கல்லும் உங்கள் மணிக்கட்டிலும் கழுத்திலும் தெரியும்.

எடை குறைவு என்பது தூக்குகிறவருக்குத்தான் நன்மை, ஓட்டுகிறவருக்கு அல்ல. அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: அதைத் தூக்கப்போவது யார்? மகன் என்றால், 25 கிலோ அரிசி மூட்டையை ஓட்டோவுக்குள் ஏற்றி இறக்கச் சொல்லிப் பாருங்கள், அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் யார் தூக்குவது என்பதையும் யோசியுங்கள். முழுதாக மடிகிற வகையில் மொத்த எடையையும் ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். துண்டு துண்டாகக் கழற்றும் வகையில் மொத்தம் கூட இருந்தாலும் ஆகப் பாரமான துண்டு 15 கிலோவுக்குள் இருக்கலாம், ஓட்டோக்காரரே ஒவ்வொன்றாக வைத்துவிடுவார். இபோச பஸ்ஸில் சன நெரிசலுக்குள் இதை ஏற்றலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கடை, கோயில், பள்ளிக்கூடம், எல்லாம் படலையிலிருந்து நேரே போகிற இடங்கள். தூக்கி ஏற்ற வேண்டிய தேவை கிளினிக் நாளில்தான், அங்கே ஆஸ்பத்திரியிலேயே தள்ளுநாற்காலி கேட்டு வாங்கலாம். ஆகவே என் அபிப்பிராயம், அக்கா பார்த்திருக்கிற அந்த மெல்லிய வகை உங்களுக்கு வேண்டாம். பத்து அங்குலச் சக்கரம், காற்றடிக்கும் ரயர், 8 சென்ரிமீற்றருக்கு மேல் அடி இடைவெளி, இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங், இப்படியான நடுத்தர வகை 50 கிலோவைத் தாண்டினாலும் பரவாயில்லை, அது விறாந்தையில்தானே நிற்கப்போகிறது. உங்கள் வீட்டு வாசலிலிருந்தே கார்பெட் போட்ட வழுவழுப்பான தார்வீதி தொடங்குகிறது என்றால் மட்டும் இந்த முடிவை மாற்றுவேன். மூன்று சக்கரமா நான்கா என்றால் நான்கு. மூன்று சக்கரம் வீட்டுக்குள் அழகாகத் திரும்பும், வீதியின் சரிந்த கரையில் திருப்பும்போது பக்கவாட்டில் சரியும்.

உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதை எடையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும், விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பல ஸ்கூட்டர்களில் பெருவிரலால் ஒரு சிறிய நெம்பை அமத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும், விட்டால் நின்றுவிடும். வீங்கிய பெருவிரல் மூட்டோடு கோயில்வரை அதை அமத்திக்கொண்டு போவது பெரிய வேதனை. வளையம்போல் சுற்றிவரும் கைப்பிடி உள்ளதாக, நாலு விரலாலும் இழுக்கவோ உள்ளங்கையால் தள்ளவோ கூடியதாகக் கேளுங்கள். சாவி திருப்ப இலேசா, பற்றரியைக் கழற்ற எவ்வளவு பலம் வேண்டும், எழும்பும்போது ஊன்றக் கைதாங்கி இருக்கிறதா, இருக்கை பக்கவாட்டில் சுழல்கிறதா? காலையில் விரல் மடங்காத நேரத்தை நினைத்து இவற்றைக் கேளுங்கள், நல்ல நாளில் எல்லாமே இலேசாகத்தான் இருக்கும்.

கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரின் முதுகில் 100–240 என்று எழுதியிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும், 120 மட்டும் இருந்தால் இங்கே செருகிய உடனே புகையும். பற்றரி லித்தியமா, ஈயமா? லித்தியம் மெல்லியது. அதை விமானத்தில் கொண்டுவருவதற்கு வாட்-மணிக்கணக்கில் (பற்றரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) வரம்பு உண்டு, நடமாடக் கஷ்டப்படும் பயணி தன் சொந்தப் பாவனைக்குக் கொண்டுபோகும்போது கிடைக்கும் சலுகை, பரிசாகக் கொண்டுவரும் அக்காவுக்குக் கிடைக்கும் என்று நம்பிவிடாமல் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஈயப் பற்றரி பாரம், ஆனால் 12 வோல்ட் இரண்டு சேர்ந்ததாக இருந்தால் பிறகு மாற்றுவது சுகம். அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் கெட்டுப்போகும், ஓடி வந்ததும் சார்ஜ் போடுங்கள். ஒரு சார்ஜுக்கு இவ்வளவு கிலோமீற்றர் என்று அட்டையில் போட்டிருப்பதில் பாதிதான் நம் கிரவலுக்கு என்று கணக்குப் பண்ணுங்கள். மாரியில், ஐப்பசி கார்த்திகை மழை வெள்ளம் நிற்கும் இடத்தில் இறக்கவே வேண்டாம், மோட்டர் தாழ்ந்து இருப்பதால் தண்ணீர் ஏறிவிடும்.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைப் பலர் இங்கே வைத்திருக்கிறார்கள், போரில் கால் இழந்த எத்தனையோ பேரை அதுதான் நடமாட வைத்தது, பெரிய சக்கரம் என்பதால் கிரவலிலும் நன்றாக ஓடும். ஆனால் மூட்டுவாதம் உள்ள உங்கள் தோளுக்கும் கைக்கும் அது ஆகாது. பின்னால் இரண்டு மேலதிகச் சக்கரம் பூட்டிய பெற்றோல் ஸ்கூட்டியை, கை விரல்கள் பிறேக்கைப் பிடிக்க விடுமென்றால், யோசிக்கலாம், லைசன்ஸ் வேண்டும். எதை எடுத்தாலும் ஏ9 நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள், பின்பக்கம் ஒளிரும் பட்டி ஒட்டுங்கள், மாடு பட்டிக்குத் திரும்புகிற நேரத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அக்காவிடம் இன்னும் பணம் கட்டவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். கடைக்குப் போய் அளவுநாடாவால் அடி இடைவெளியை அளந்து, புல்லிலும் சரளைக்கல்லிலும் ஓட்டிக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பட்டும். நீங்கள் இங்கே படலையடியிலிருந்து கடைவரை உள்ள ஆக உயர்ந்த மேட்டை மகனைக்கொண்டு அளப்பியுங்கள். இரண்டு அளவையும், கழுத்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதன் முடிவையும் வைத்துக்கொண்டு திரும்ப எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.