அண்ணனுக்கு மனச்சிதைவு என்றால் எனக்கும் வருமா?

"அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. எனக்கு 27 வயது. கூட்டம் பிடிக்காது, போன் அடித்தால் எடுக்கத் தோன்றாது. எனக்கும் ஆரம்பிக்கிறதா? மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு எழுதுபவள். ஆனால் 34 வருஷமாக ஒரு மனச்சிதைவு நோயாளிக்குத் தங்கச்சி. அந்தத் தகுதியில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள், பாயாதீர்கள்.

எங்கள் வீட்டில் வாயாடி அண்ணன்தான். சிங்கப்பூரில், அங் மோ கியோவில் எங்கள் ப்ளாக்கில் அவனைத் தெரியாத ஆள் கிடையாது. கோப்பிக்கடைச் சீனத் தாத்தாவிடம் ஹொக்கியன் மொழியில் வம்பளப்பான். நானோ, விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் ரகம். 1991-ல் தேசிய சேவையில் (கட்டாய ராணுவ சேவை) இருக்கும்போது அவனுக்கு ஆரம்பித்தது. கூட இருக்கும் பையன்கள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் அம்மா போட்ட சோற்றையும் ஒவ்வொரு கவளமாக முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைத்தான். அப்புறம் உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனைதான். 1993-ல் அது புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது, ஆனால் எங்கள் சனம் இன்றைக்கும் "உட்பிரிட்ஜ்" என்று சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டுகிறது.

நோய் வந்தது அவனுக்கு, காவல் போட்டது எனக்கு. அறையில் சத்தமாகப் பாடம் படித்தால் கதவுக்கு வெளியே அம்மாவின் கால் நிழல் தெரியும். "யாருகிட்டடி பேசுற?" கெமிஸ்ட்ரியோடு பேசிக்கொண்டிருந்தேன், வேறு யாரோடு. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் சந்தேகம், போய் ஓரமாக உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். உங்கள் வயதில், 2003-ல், ஒரு வரன் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. எங்கள் பெரியம்மா அவர்கள் வீடு தேடிப் போய், "மறைச்சா பாவம்" என்று அண்ணனைப் பற்றிச் சொன்னதோடு நிற்காமல், "பொண்ணும் கொஞ்சம் ஒதுங்கியேதான் இருக்கும்" என்று சேர்த்துவிட்டு வந்தார். வரன் போனது. அதே வருஷம் தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை இரவல் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் வரவில்லை. அம்மா காலமாகி ஆறு வருஷம் ஆயிற்று. கேட்டால் "எந்தச் சங்கிலி?" என்கிறார். பாவ புண்ணியம் பேசும் வாய்!

சரி, உங்கள் கேள்வி. பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அது சுமார் 9 ஆகிறது. கூடுதல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மீதி 91 பேரில்தான் நான் இருக்கிறேன், 49 வயதாகிறது. உருவத்திலும் மரபணுவிலும் அச்சாக இருக்கும் இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவு.

டெஸ்ட் எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்? 2022-ல் 76,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் கடுகளவு பங்கு. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டாலும் உங்களுக்கு வரும், வராது என்று யாரும் சொல்ல முடியாது. போன் எடுக்காதது அறிகுறி என்றால் என் ஆபீஸில் பாதிப்பேர் நோயாளிகள். கூச்சமும் ஓரளவு பரம்பரைதான், அது ஒரு சுபாவம். நன்றாகப் பழகிக்கொண்டிருந்தவர் திடீரென்று விலகுவது, யாரோ கவனிக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது, குரல் கேட்பது, இப்படி ஆளே மாறிப்போனால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி மாறியது வாயாடிதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் அண்ணனைப் பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது பாலிகிளினிக்குக்கு, கூட்டிப்போனேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை, அடையாள அட்டை கேட்டாள், "அப்பாவோட ஐசி குடுங்கக்கா" என்றாள். அவனுக்கு 53. அவன் சிரித்தான், கடவாய்ப் பல் நாலும் இல்லை. வெளியே வந்து, "இனிமே உன்ன மகளேன்னு கூப்பிடவா?" என்றான்.

இந்த நோயாளிகளின் ஆயுள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் குறைவு. அதற்கு முக்கியமான ஒரு காரணம் இதய நோய். 2013-ல் ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் டிஎன்ஏவில் 353 இடங்களில் படியும் ரசாயனக் குறிகளைப் பார்த்து உடம்பின் வயதைக் கணக்கிட்டார். அண்ணனுக்கு அந்த டெஸ்ட்டெல்லாம் வேண்டாம், கையைப் பார்த்தாலே போதும். 30 வருஷச் சிகரெட், பசியைக் கிளறி எடையேற்றும் மாத்திரை, அதன் பின்னாலேயே வந்த சர்க்கரை. மாத்திரையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் அவன் சோற்றை முகர்ந்துகொண்டுதான் இருப்பான். அவன் சாப்பிடுவது க்ளோசபின். சிகரெட்டைத் திடுதிப்பென்று நிறுத்தினால் ரத்தத்தில் அந்த மருந்து ஏறிவிடும், டாக்டரிடம் சொல்லி டோஸைக் குறைக்க வேண்டும். இது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

இப்போது ஒரு நாளைக்கு நாலுதான் என்கிறான். நான் பாக்கெட்டை எண்ணுகிறேன், ஆறு.

உங்கள் அண்ணன் கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது?