நாலரைச் சுற்றும் நாலாம் இடமும்

கேள்வி: பனித்தரையில் சறுக்கி ஆடும் ஜப்பானிய ஸ்கேட்டர் யுசுரு ஹன்யூவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2022 பெய்ஜிங்கில் யாருமே செய்யாத தாவலைச் செய்து காட்டுகிறேன் என்று போய் விழுந்தார். கைக்கு எட்டிய வெண்கலத்தையும் விட்டுவிட்டு நாலாவதாக வந்தார். இது வறட்டுப் பிடிவாதம் இல்லையா? (தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.)

பதில்: போடவில்லை. அவருடைய ரசிகர் படை எத்தனை பெரியது என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் சொல்லும் அந்தத் தாவலின் பெயர் குவாட் ஆக்சல். அதனால் வெண்கலம் போனது என்பது உங்கள் வழக்கு. மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தால் அது நிற்காது. அந்தப் போட்டி இரண்டு பகுதி. பிப்ரவரி 8 அன்று ஷார்ட் புரோகிராம் என்ற சின்ன ஆட்டம், 10 அன்று ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் பதக்கம். ஹன்யூ விழுந்தது 10ஆம் தேதி. அன்றைக்கு அவர் வாங்கியது 188.06. வெண்கலம் வென்ற ஷோமா உனோ அன்றைக்கு வாங்கியது 187.10. விழுந்து எழுந்தவர்தான், ஒரு புள்ளிக்குச் சற்றுக் குறைவாக, முன்னால் இருக்கிறார்! ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் எடுத்தால் அவருக்கு மூன்றாம் இடம்.

அப்படியானால் வெண்கலம் எங்கே போனது? இரண்டு நாள் முன்பே போய்விட்டது. ஷார்ட் புரோகிராமின் முதல் தாவல் குவாட் சால்கோ. காற்றில் நாலு சுற்று. ஹன்யூவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அன்று கிளம்பும் நொடியில் அவர் ஸ்கேட்டின் விளிம்பு பனித்தரையில் இருந்த ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வேறொருவரின் ஸ்கேட் குத்திவிட்டுப் போன பள்ளம் அது என்று அவரே பிறகு சொன்னார். நாலு சுற்று ஒரு சுற்றானது. ஒற்றைச் சால்கோவுக்கு ஷார்ட் புரோகிராமில் மதிப்பே கிடையாது, சுத்தமாகப் பூஜ்யம். மொத்தம் 95.15, எட்டாம் இடம். உனோ அன்றே 105.90.

கடைசிக் கணக்கில் உனோ 293.00, ஹன்யூ 283.21. வித்தியாசம் 9.79. குவாட் சால்கோவின் அடிப்படை மதிப்பு மட்டுமே 9.70. சுத்தமாகத் தரையிறங்கினால் நடுவர்கள் அதற்கு மேலும் போடுவார்கள், ஹன்யூவுக்கு வழக்கமாகத் தாராளமாகவே போடுவார்கள். வெண்கலம் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கிறது.

சரி, குவாட் ஆக்சல் இலவசமாக வந்ததா என்றால் இல்லை. அதன் முழு மதிப்பு 12.50. சுற்று குறைந்ததால் 10 ஆனது, விழுந்ததற்கு 5 போனது, விழுந்த குற்றத்துக்குத் தனியாக இன்னொரு புள்ளியும் போனது. மிஞ்சியது நாலு. அடுத்து வந்த சால்கோவிலும் விழுந்தார். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வழக்கமான தாவலில் விழுந்தால் துரதிர்ஷ்டம், புதுத் தாவலில் விழுந்தால் பிடிவாதமா?

அந்தத் தாவல் ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆறு வகைத் தாவல்கள். ஐந்தில் பின்பக்கமாகப் போய்க்கொண்டே எம்ப வேண்டும். ஆக்சலில் மட்டும் முகம் பார்க்கும் திசையில் எம்ப வேண்டும். இறங்குவது எல்லாவற்றிலும் பின்பக்கமாகத்தான். அதனால் ஆக்சலுக்கு எப்போதும் அரைச் சுற்று கூடுதல்: குவாட் ஆக்சல் என்றால் நாலரைச் சுற்று. காற்றில் இருப்பது ஒரு விநாடிகூட முழுசாக இல்லை. போதாக்குறைக்கு, முந்தின நாள் பயிற்சியில் வலது கணுக்கால் பிசகி, வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டுதான் களத்தில் இறங்கினார். அந்தக் காலில்தான் ஆக்சல் தரையிறங்க வேண்டும். கால் பனியைத் தொட்டது, நிற்கவில்லை. ஆனால் மதிப்பெண் தாளில் அது குவாட் ஆக்சல் என்றே ஏறியது. சர்வதேசப் போட்டி ஒன்றில் அந்தத் தாவலை, மதிப்பைக் கீழிறக்காமல், குவாட் ஆக்சலாகவே ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பிடிவாதம் என்று திட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறொரு நாளைக் காட்டுகிறேன், நானும் சேர்ந்துகொள்கிறேன். 2014 நவம்பர், ஷாங்காய். போட்டிக்கு முந்தைய வார்ம்-அப்பில் ஹன்யூவும் சீனாவின் ஹான் யானும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். ரத்தம். தலையில் கட்டு, தாடையில் பிளாஸ்திரி. அந்தக் கோலத்தில் ஹன்யூ திரும்பி வந்து ஆடினார். ஐந்து முறை விழுந்தார். இரண்டாம் இடம் கிடைத்தது, மைதானமே அழுதது. எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை. 19 வயதுப் பையனை, தலையில் அடிபட்ட பிறகு, கையைப் பிடித்து உட்கார வைக்க அங்கே ஒரு பெரியவர் இல்லையே என்றுதான் தோன்றியது.

மற்ற நாட்களில் அதே குணம் அவருக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்றும் பாருங்கள். ஜப்பானின் சென்டாய் நகரத்துக்காரர். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது பயிற்சியில் இருந்தார், ஸ்கேட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வெளியே ஓடினார். வீடு சேதமாகி முகாமில் தங்க வேண்டியிருந்தது. மூன்றே வருடத்தில் சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம், ஆண்கள் பிரிவில் ஆசியாவுக்கு முதல் தங்கம். அன்றும் ஃப்ரீ ஸ்கேட்டில் விழுந்தார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2017 ஹெல்சின்கி உலகப் போட்டியில் ஷார்ட் புரோகிராமில் ஐந்தாவதாக இருந்து, ஃப்ரீ ஸ்கேட்டில் 223.20 எடுத்து முதலிடத்துக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் குவாட் லுட்ஸ் என்ற இன்னொரு நாலு சுற்றுத் தாவலின் பயிற்சியில் வலது கணுக்கால் போயிற்று. மூன்று மாதம் ஒரு போட்டியும் ஆடாமல் நேராகப் பியோங்சாங் ஒலிம்பிக்குக்குப் போய் இரண்டாவது தங்கம். ஆண்கள் ஒற்றையரில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கத்தை அதற்கு முன் கடைசியாக வாங்கியவர் அமெரிக்காவின் டிக் பட்டன், 1948லும் 1952லும். அப்போதெல்லாம் யாரும் எனக்கு இப்படிக் கடிதம் போடவில்லை.

அதற்கப்புறம் அவர் வெல்ல வேண்டியதில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. சிறுவயதிலிருந்து கனவு கண்ட அந்த ஒரு தாவல்தான் மிச்சம். தனக்குள் இருக்கும் ஒன்பது வயதுச் சிறுவன் ‘தாவு, தாவு’ என்று நச்சரித்துக்கொண்டே இருந்ததாகப் பெய்ஜிங்கில் சொன்னார். வெண்கலத்தைப் பத்திரப்படுத்திக்கொள் என்று அந்தப் பையனிடம் நீங்கள் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

குவாட் ஆக்சலைச் சுத்தமாக முதலில் தரையிறக்கியவர் அமெரிக்காவின் இலியா மாலினின், வயது 17. அதே 2022 செப்டம்பரில், லேக் பிளாசிடில். யாரைப் பார்த்து ஆசை வந்தது என்று கேட்டதற்கு ஹன்யூவின் பெயரைத்தான் சொன்னார். ஹன்யூ அதற்குள், ஜூலையிலேயே, போட்டிகளுக்குக் கும்பிடு போட்டுவிட்டார். அடுத்த பிப்ரவரியில் டோக்கியோ டோமில் தனி ஆளாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நடுவர் யாரும் இல்லை. பார்க்க வந்தவர்கள் 35,000 பேர்.